வேன் செட், பழைய ஸ்பீக்கர், கைமாறிய இயர்பட்ஸ்: போனில் தேங்கிய புளூடூத் பெயர்களை நீக்குவது எப்படி

நான் களுவாஞ்சிகுடியில் சொந்த வேனில் ஹயர் ஓடுகிறவன். அதிகம் வருவது கட்டுநாயக்க விமான நிலைய ஹயர்தான். கட்டாருக்குப் போகிறவரைக் கொண்டுபோய் விடுவேன், சவூதியிலிருந்து வருகிறவரைக் கூட்டி வருவேன். பின்னேரம் வெளிக்கிட்டால் ஓட்டமாவடி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க ஓட்டம். அவ்வளவு நேரமும் செட்டில் பாட்டு வேண்டும். முன் சீட்டில் இருப்பவர் முதலில் தன் போனை புளூடூத்தில் கனெக்ட் பண்ணுவார். பொலன்னறுவையில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறியதும் பின் சீட்டுத் தம்பி தன் போனைக் கனெக்ட் பண்ணுவான். ஊருக்கு வந்து இறங்கும்போது சூட்கேஸ்களைச் சரிபார்த்து இறக்குகிறார்கள், ஆனால் போனில் என் வேனின் பெயரும் என் செட்டில் அவர்களுடைய போனின் பெயரும் அப்படியே கிடக்கின்றன.

புளூடூத்தை ஓஃப் பண்ணினால் தொடர்பு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு கருவிகளை முதல் தடவை பெயார் பண்ணும்போது, அதாவது ஜோடி சேர்க்கும்போது, இரண்டும் சேர்ந்து 128 பிட் நீளமான ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்கின்றன. அடுத்த தடவை ஒன்றுக்கொன்று கிட்ட வந்ததும், உங்களிடம் எதுவும் கேட்காமல் இணைவது அந்தச் சாவியால்தான். 'டிஸ்கனெக்ட்' என்பதை அழுத்தினால் அந்த நேரத்து இணைப்பு மட்டும் அறும், சாவி போனிலேயே இருக்கும். சாவியை அழிப்பது 'ஃபொர்கெட்' அல்லது 'அன்பெயார்' என்ற பட்டன். அதுவும் உங்கள் பக்கத்துப் பிரதியை மட்டுமே அழிக்கும். மற்றப் பக்கத்தில் இருப்பதை அங்கே போய்த்தான் அழிக்க வேண்டும். நான் இதை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பழைய பெயர்கள் கிடந்தால் என்ன வரும் என்பதற்குச் செட்டிபாளையத்து மாமி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். தன் ஸ்பீக்கரைப் பக்கத்து வளவில் இருக்கும் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார். போனில் அதன் பெயர் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள் கோல் எடுத்தால் இவர் காதில் ஒன்றும் கேட்காது. "மனே, மகள்ட சத்தம் எனக்குக் கேக்குதில்ல, தங்கச்சிட ஊட்டதான் கேக்குது" என்று என்னிடம் போனை நீட்டினார். சாதாரண புளூடூத் கருவிகள் 10 மீட்டர் தூரம் வரைக்கும் தொடுப்பை வைத்திருக்கும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அது வேலிக்கு அந்தப் பக்கம்வரை போகும். ஒரு தாயும் மகளும் பேசும் குடும்பக் கதை அடுத்த வீட்டு ஹோலில் கேட்பது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு அந்தப் பெயரை நீக்கியதோடு பிரச்சினை முடிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். அன்ட்ராய்ட் போன்களில் கம்பனிக்குக் கம்பனி மெனு மாறும். அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான வழியை முதலில் சொல்கிறேன். திரையை மேலிருந்து கீழே இழுங்கள். புளூடூத் அடையாளத்தைத் தட்டாமல், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நேராகப் புளூடூத் பக்கம் திறக்கும். புளூடூத் ஓனில் இருக்கட்டும், ஓஃபில் இருந்தால் பல போன்களில் பட்டியல் தெரியாது. அங்கே ஏற்கெனவே பெயார் பண்ணிய பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயரைத் தட்ட வேண்டாம், தட்டினால் கனெக்ட் ஆகப் பார்க்கும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பற்சக்கர அடையாளத்தைத் தட்டுங்கள். சில போன்களில் அந்த இடத்தில் அம்புக்குறியோ, வட்டத்துக்குள் ஒரு 'ஐ' எழுத்தோ இருக்கும். உள்ளே போனால் 'ஃபொர்கெட்' அல்லது 'அன்பெயார்' இருக்கும். தட்டினால் உறுதியா என்று ஒருமுறை கேட்கும், ஆம் என்று சொன்னால் பெயர் போய்விடும்.

செட்டிங்ஸ் வழியாகப் போக விரும்புகிறவர்கள் சாம்சங்கில் 'கனெக்ஷன்ஸ்', பிறகு 'புளூடூத்' என்று போகலாம். பிக்சல் மாதிரி கலப்பில்லாத அன்ட்ராய்டில் 'கனெக்டட் டிவைசஸ்' என்று இருக்கும். அங்கே முதலில் சில பெயர்கள்தான் தெரியும், 'சீ ஓல்' என்பதைத் தட்டினால்தான் முழுப் பட்டியலும் வரும். மூன்று பெயரைப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று மூடிவிடாதீர்கள்.

ஐபோனில் குழப்பமே இல்லை. செட்டிங்ஸ், புளூடூத், 'மை டிவைசஸ்' பட்டியல். பெயருக்கு வலப் பக்கத்தில் நீல நிற 'ஐ', அதற்குள் 'ஃபொர்கெட் திஸ் டிவைஸ்'. ஐபோன்காரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: திரையை இழுத்து கன்ட்ரோல் சென்டரில் புளூடூத்தைத் தட்டினால் அது முழுதாக ஓஃப் ஆவதில்லை. அப்போதைய இணைப்புகள் அறும், அதிகாலை 5 மணிக்குத் திரும்பவும் இணையத் தொடங்கிவிடும். விடியற்காலை என் வேனில் ஏறியவருக்கு, தான் தொடாமலே செட் கனெக்ட் ஆனது எப்படி என்று ஆச்சரியமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். முழுதாக ஓஃப் பண்ண செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

எதை அழிப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். பட்டியலில் 'கார் கிட்', 'பிடி ஸ்பீக்கர்' என்று ஒரே மாதிரிப் பெயர்கள் இருக்கும். விலை குறைந்த செட்டுகளும் ஸ்பீக்கர்களும் அப்படித்தான் பெயர் காட்டும். வீட்டில் உள்ள எல்லாப் புளூடூத் கருவிகளையும் ஓஃப் பண்ணிவிட்டு, ஒவ்வொன்றாக ஓன் பண்ணிப் பாருங்கள். எது ஓன் ஆகும்போது எந்தப் பெயருக்குக் கீழே 'கனெக்டட்' என்று வருகிறதோ அது உங்களுடையது. உடனே அதற்குள் போய்ப் பெயரை மாற்றிவிடுங்கள். அன்ட்ராய்டில் பென்சில் அடையாளம் இருக்கும், ஐபோனில் பல கருவிகளுக்கு 'நேம்' என்ற வரி இருக்கும். தமிழிலேயே 'ஹோல் ஸ்பீக்கர்', 'தம்பியின் ஓட்டோ' என்று எழுதலாம். மிஞ்சுவதில் உங்களுக்கு ஞாபகம் வராத பெயர்களை அழித்துவிடுங்கள். தவறி நல்லதை அழித்தாலும் பெரிய நட்டம் இல்லை, ஸ்பீக்கரையோ இயர்பட்ஸையோ திரும்பப் பெயார் பண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் சிலவற்றில் அவசரப்படக் கூடாது. ஸ்மார்ட் வோட்ச்சைப் புளூடூத் பட்டியலில் நேரே அழிக்காமல், முதலில் அதன் ஆப்பில் போய்த் தொடர்பை நீக்குங்கள். அப்பிள் வோட்ச் என்றால் வோட்ச் ஆப், சாம்சங் என்றால் கேலக்ஸி வெயரபிள். வோட்ச்சில் உள்ளவை அழிந்து புதிதாகத் தொடங்க வேண்டிவரலாம், அதனால் தேவையானது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். காது கேட்கும் கருவியும் சீனி அளக்கும் கருவியும் பட்டியலில் விளங்காத பெயரோடு இருக்கும். வயசானவர்களின் போனைத் துப்புரவு செய்து கொடுக்கும் பிள்ளைகள், அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

இனி வேன் பக்கம். எனக்கு மனதில் கிடக்கும் விஷயம் இது. போனை வாகன செட்டோடு பெயார் பண்ணும்போது, கொன்டாக்ட்ஸையும் கோல் விபரத்தையும் பார்க்க அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். பாட்டுக் கேட்கும் அவசரத்தில் எல்லோரும் சம்மதித்துவிடுகிறார்கள். அப்போது போனில் உள்ள பெயர்களும் நம்பர்களும் செட்டுக்குள் இறங்கும். சில செட்டுகள் போன் விலகியதும் அதைக் காட்டாது. சில செட்டுகள் அப்படியே வைத்திருக்கும், அடுத்து வாகனத்தில் ஏறுகிறவர் திரையைத் தட்டினால் பார்க்கலாம். எங்கள் ஊர் அக்காமார், தங்கச்சிமாரின் நம்பர்கள் முன்பின் தெரியாதவர் கண்ணில் படுவதை நான் விரும்பவில்லை. அதனால் ஒவ்வொரு ஹயர் முடிந்ததும் என் செட்டின் புளூடூத் பக்கத்தில் உள்ள போன் பட்டியலைத் திறந்து, குப்பைக்கூடை அடையாளத்தைத் தட்டி ஒவ்வொன்றையும் அழிக்கிறேன். மற்ற டிரைவர்மாரிடமும் இதைச் சொல்லி வருகிறேன். உங்கள் டிரைவரிடம் நீங்களே கேளுங்கள்: "அண்ணே, என்ட போனையும் செட்டில இருந்து அழிச்சு உடுங்க." இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஒரு நிமிடத்து வேலை. வாகனத்தை விற்கிறவர்கள் செட்டை முழுதாக ஃபெக்டரி ரீசெட் பண்ணிக் கொடுப்பது இன்னும் நல்லது.

பாட்டு மட்டும் போதும் என்றால் தொடக்கத்திலேயே கொன்டாக்ட்ஸ் அனுமதியைக் கொடுக்காமல் விடலாம், பாட்டு அப்படியும் ஓடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அன்ட்ராய்டில் அதே பற்சக்கரத்துக்குள் கொன்டாக்ட்ஸ் பகிர்வதை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். ஐபோனில் அந்த நீல 'ஐ'க்குள் 'சிங்க் கொன்டாக்ட்ஸ்' என்று இருக்கும். உங்களுடைய சொந்த வாகனமாக இருந்தாலும் பலர் ஓட்டுகிற வாகனம் என்றால் இதைச் செய்து வையுங்கள்.

புதிய செட்டுகளில், போனின் மெப்பையும் பாட்டையும் வாகனத் திரையில் காட்டும் அன்ட்ராய்ட் ஓட்டோ அல்லது (ஐபோனுக்கு) கார்பிளே இருக்கும். இவை புளூடூத் பட்டியலுக்கு வெளியே தனியாகவும் வாகனத்தை நினைவில் வைத்திருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கார்பிளே என்று போய் வாகனத்தின் பெயரைத் தட்டி 'ஃபொர்கெட் திஸ் கார்' கொடுங்கள். அன்ட்ராய்டில் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அன்ட்ராய்ட் ஓட்டோ என்று தேடிப் போனால், முன்பு இணைத்த வாகனங்களின் பட்டியல் கிடைக்கும். அங்கே நீக்குங்கள்.

இயர்பட்ஸைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டீர்கள் அல்லது விற்றுவிட்டீர்கள் என்றால் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். ஏர்பொட்ஸ் உங்கள் அப்பிள் கணக்கோடு சேர்ந்திருக்கும். ஐபோனில் ஃபொர்கெட் கொடுத்தால் அதே கணக்கில் உள்ள உங்கள் மற்றக் கருவிகளிலிருந்தும் போகும், ஆனால் கைமாற்ற முன், தொலைந்த கருவியைத் தேடும் 'ஃபைண்ட் மை' பகுதியிலும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் அவஸ்தைப்படுவார். அன்ட்ராய்டில் மூடியைத் திறந்ததுமே திரையில் படம் வந்து சேரும் வகை இயர்பட்ஸ் கூகுள் கணக்கில் பதிந்திருக்கும். செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் 'சேவ்ட் டிவைசஸ்' என்று தேடினால் கிடைக்கும். போனில் அழித்த பெயர் சில நாளில் திரும்ப முளைக்கிறது என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இயர்பட்ஸின் பக்கத்தையும் ரீசெட் பண்ணிக் கொடுங்கள். மொடலுக்கு மொடல் வழி மாறும், பெட்டிக்குள் வந்த தாளில் இருக்கும்.

அப்புறம், அழிக்கவே முடியாமல் அடம்பிடிக்கும் பெயர்கள். அந்தக் கருவி பக்கத்தில் இருந்தால் அதை ஓஃப் பண்ணிவிட்டு, போனை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணி, திரும்ப முயலுங்கள். பெரும்பாலும் போய்விடும். அழித்த பிறகும் பெயார் பண்ணவா என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தால், மற்றக் கருவி தன்னிடம் உள்ள பழைய பெயரை வைத்துத் தேடுகிறது என்று அர்த்தம். கேன்சல் கொடுங்கள், அந்தக் கருவியிலும் உங்கள் போனை அழியுங்கள். செட்டின் பட்டியல் நிறைந்துவிட்டாலும் புதுப் போனை ஏற்காது. பழைய பெயர்களை அழித்தால் இடம் வரும்.

எதுவுமே சரிவராவிட்டால் கடைசி வழி ரீசெட். அன்ட்ராய்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், 'ரீசெட் ஒப்ஷன்ஸ்' என்று போனால் வைஃபையையும் புளூடூத்தையும் ரீசெட் பண்ணும் வரி இருக்கும். சாம்சங்கில் 'ஜெனரல் மெனேஜ்மென்ட்' என்பதற்குள் 'ரீசெட்'. படங்களும் மெசேஜ்களும் போகாது. ஆனால் புளூடூத் பட்டியல் முழுக்கப் போவதோடு, சேமித்த வைஃபை பாஸ்வேர்ட்களும் போகும். வீட்டு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாஸ்வேர்ட் இருக்கிறதா, அதை மாற்றியிருந்தால் புதியது யாருக்குத் தெரியும் என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். 'ஃபெக்டரி டேட்டா ரீசெட்' என்பது வேறு, அது போனையே துடைத்துவிடும். இரண்டும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிதானமாக வாசித்துத் தட்டுங்கள்.

விமான நிலையத்துக்குப் போகும் ஹயரில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே போன பிறகு வேன் திரும்பிவிடும், என் செட்டில் உங்கள் போனை நான்தான் அழிக்க வேண்டும். அதனால் கட்டுநாயக்கவை நெருங்கும்போதே, சாமான் இறக்க முன்னர், போனில் வேனின் பெயரை நீக்கிவிட்டு என்னிடமும் ஒரு சொல் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னாலேயே செட்டில் அழித்துக் காட்டுகிறேன்.