ரிவால்வர் அடி வாங்கியபின் செய்யக்கூடாதவை

கையால் வெடிமருந்து நிரப்பிய தோட்டா ஒரு ரிவால்வரைக் கெடுக்க ஒரு நொடிகூட ஆகாது. மிச்ச மீதியைக் கெடுப்பது பெரும்பாலும் அதை வைத்திருப்பவர்தான், பதற்றத்தில் பாதி, ஆர்வக்கோளாறில் பாதி.

முதலில் நம் ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் வீட்டு மேசையில் தோட்டா நிரப்புகிற பேச்சுக்கே இடமில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவும் லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில் அகப்பட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி என்கிறது. ஆகவே இங்கே கிளப்பில் சுடுகிறவர்கள் கடைத் தோட்டாதான் சுடுகிறோம். ஆனால் அமெரிக்காவில் குடியேறிய நம் ஆட்களில் சிலர் வாரக்கடைசியில் தோட்டா நிரப்புவதைக் கைவேலையாகவே வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் இங்கே போன் வருகிறது. கடைத் தோட்டாவும் எப்போதாவது சொதப்பும் என்பதால் உள்ளூர் ஆட்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

டெக்சாஸிலிருந்து அத்தை மகன் கேட்டது இது (சிலிண்டர் என்பது ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை): “மச்சான், ஒன்னு ‘டுப்’னு சத்தம் கம்மியா போச்சு. அடுத்தது கை அதிர்ற மாதிரி வெடிச்சுது. ஆனா சிலிண்டர் நல்லாத்தான் சுத்துது. இன்னொன்னு போட்டுப் பாக்கலாம்ல?”

பார்க்கக் கூடாது. அந்த ‘டுப்’தான் முழுக் கதையும். தோட்டாவில் மருந்து விழவே இல்லை என்றால் ப்ரைமர், அதாவது தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடி, மட்டும் வெடிக்கும். அதன் வேகம் குண்டைப் பேரலுக்குள், அதாவது குழலுக்குள், கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு அங்கேயே நிறுத்திவிடும். பின்னால் வரும் குண்டு அதன் முதுகில் மோதும்போது, மோதிய இடத்தில் பேரல் உள்ளுக்குள் வளையம்போல் வீங்கும். சத்தம் குறைந்தாலோ கையில் உதை குறைந்தாலோ விரலை எடுத்துவிட வேண்டும். ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில், ‘இன்னும் ஒன்று’ என்று சுடுவதுதான் ஒரு சின்னத் தடங்கலைப் பேரல் மாற்றும் செலவாக்குகிறது.

குண்டு உள்ளே மாட்டியது தெரிந்தபின் செய்யும் தவறு, கையில் கிடைத்ததை விட்டு இடிப்பது. மரக்குச்சி உள்ளே பிளந்து ஆப்புபோல் இறுகிக்கொள்ளும். இரும்புக் கம்பி பேரலின் உள்ளே வெட்டியிருக்கும் சுருள் வரிகளைக் கீறிவிடும். பேரலுக்குச் சரியாகப் பொருந்தும் பித்தளைக் கம்பிதான் அதற்கு. அதுவும் தோட்டா எல்லாம் வெளியே எடுத்து, சிலிண்டரைத் திறந்து வைத்த பிறகு.

சிலிண்டர் திறக்கவே வராவிட்டால் நிலைமை வேறு. உள்ளே இன்னும் உயிருள்ள தோட்டாக்கள் இருக்கின்றன என்பதைப் பலர் அந்தப் பதற்றத்தில் மறந்துபோகிறார்கள். சுத்தியலை எடுக்காதீர்கள். குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடியே ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். ப்ரைமர் தாமதமாகப் பற்றுவதும் உண்டு என்பதால் அரை நிமிடமாவது அசையாமல் பிடித்திருப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

சரி, திறந்துவிட்டது, துடைத்தாயிற்று, பார்த்தால் புதுசுபோல் இருக்கிறது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ரிவால்வர் எங்கே அடி வாங்குகிறதோ அங்கே கண் போவதில்லை.

பேரலின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்து ‘வீக்கமில்லை’ என்பார்கள். கனமான பேரலில் வீக்கம் வெளியே தெரியாது. நன்றாகச் சுத்தம் செய்து, சிலிண்டர் பக்கம் வெள்ளைத்தாளை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே கறுப்பு வளையமாக நிழல் ஒன்று தெரியும். இறுக்கமான துணித்துண்டைக் கம்பியில் வைத்து மெதுவாகத் தள்ளினாலும் போதும், அந்த இடத்தில் கை சட்டென்று இலேசாகும். பேரலின் பின்வாய், அதாவது குண்டு சிலிண்டரிலிருந்து தாவி நுழையும் இடம், அதையும் ஈயக்கறை போகத் தேய்த்தபிறகே பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 19 போன்ற, நடுத்தர அளவு ஃபிரேம் (உடற்சட்டம்) கொண்ட மேக்னம் (அதிக அழுத்தத் தோட்டா சுடும்) ரிவால்வர்களில் அந்த வாயின் அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். விரிசல் வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

சிலிண்டருக்கு மெல்லிய இடம் ஒன்று உண்டு. ஆறு தோட்டா சிலிண்டரின் வெளியே, அது சுழன்று நிற்பதற்கான பள்ளங்கள் வெட்டியிருக்கும். பல மாடல்களில் அவை அறைகளுக்கு நேர் மேலே வருவதால் அங்கே இரும்பு மிகக் குறைவு. அளவுக்கு மீறிய அழுத்தம் முதலில் அங்கேதான் உள்ளிருந்து வெளியே பிதுங்கும். பள்ளத்தின் அடியில் சின்ன மேடு தெரிந்தாலோ, ஒரே ஒரு அறையில் மட்டும் காலி உறை இறுக்கமாக வந்தாலோ அந்தச் சிலிண்டரின் கதை முடிந்தது. அப்புறம் அதைத் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் வீண்.

சிலிண்டருக்கு மேலே ஓடும் ஃபிரேமின் மேல்பட்டையைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதே இல்லை. நேரான எஃகு அளவுகோலை அதன்மேல் வைத்து, பின்னால் வெளிச்சம் பிடியுங்கள். இடையில் ஒளி கசிந்தால் பட்டை வளைந்திருக்கிறது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளக்க வேண்டும். சாதாரணமாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் இருக்கும். முன்பு அளந்த கணக்கைவிடக் கூடியிருந்தாலும், மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு என்று காட்டினாலும் ஃபிரேம் நீண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குச் சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனை இருக்கிறது, விமானப் பாகங்களுக்கும் எண்ணெய்க் குழாய்களுக்கும் செய்வது. அதைச் செய்யாமல் ‘விரிசல் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய விருப்பம் மட்டுமே.

ப்ரைமரைப் பார்த்து ஜோசியம் சொல்வது இன்னொரு பழக்கம். ‘ப்ரைமர் தட்டையாகவில்லை, அதனால் அழுத்தம் ஏறவில்லை’ என்பார்கள். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கு அமெரிக்கத் துப்பாக்கித் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. .357 மேக்னத்துக்கு 35,000. ப்ரைமர் தட்டையாகத் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே .38 தன் வரம்பைத் தாண்டியிருக்கும். ப்ரைமர் நன்றாக இருப்பதால் ஒன்றும் நிரூபணமாவதில்லை.

மிச்சத் தோட்டாக்களைக் குப்பையில் போடுவதோ, அடுத்த வாரம் வேறு துப்பாக்கியில் சுட்டுத் தீர்ப்பதோ கூடாது. ஏன் நடந்தது என்ற பதில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. .38க்குப் போடும் வேகமான மருந்து 3 கிரெயின் அளவில்தான் இருக்கும், அதாவது சுமார் 0.2 கிராம். உறையின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் அந்த அளவு, இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. தோட்டா நிரப்பும், கையால் திருப்பும் பிரஸில் ஒரு முறை தட்டைத் திருப்ப மறந்தால் ஒரே உறைக்குள் இரட்டை மருந்து. போன் அடித்தது, பிள்ளை கூப்பிட்டது, அவ்வளவு போதும்.

அப்போது சிலர் முழுத் தோட்டாவையும் தராசில் வைத்து எடை பார்த்து மருந்தில்லாததைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். குண்டுக்குக் குண்டு, உறைக்கு உறை உள்ள எடை வித்தியாசமே சில கிரெயின் வரும். 3 கிரெயின் மருந்து அதற்குள் காணாமல் போய்விடும். குண்டு உருவும் கருவியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தைத் தனியாக நிறுத்துப் பார்ப்பதுதான் வழி. சலிப்பான வேலைதான். மச்சானின் பெட்டியில் இன்னொரு தோட்டாவிலும் மருந்தே இல்லை என்பது அப்படித்தான் தெரிந்தது.

இனிப் பழுதுபார்ப்பு. செந்தூல் ரயில்வே பட்டறையில் அப்பா, தாத்தா வேலை பார்த்த குடும்பங்கள் நம்மில் நிறைய. இரும்பென்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் ரத்தத்திலேயே ஊறியது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் லேத் பட்டறை அண்ணனிடம் ரிவால்வரைக் கொண்டுபோவது இங்கே சட்டப்படியும் தவறு, வேலைப்படியும் தவறு. சூடுகாட்டி நிமிர்த்தினால் ஃபிரேமுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த பதம் போய்விடும். வெல்டிங் வைத்தாலும் அதே கதி. பேரலைக் கழற்றச் சரியான பிடிகருவி இல்லாமல், சிலிண்டர் இருக்கும் ஓட்டையில் கட்டையை நுழைத்துத் திருகினால் நன்றாக இருந்த ஃபிரேமும் முறுக்கிக்கொள்ளும்.

பேரல் போனால் மாற்றலாம். சிலிண்டர் போனாலும் மாற்றலாம், ஆனால் கடையில் வாங்கி மாட்டும் பொருளல்ல அது. ஒவ்வொரு அறையும் பேரலுக்கு நேராக வந்து பூட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். ஃபிரேம் நீண்டுவிட்டால் அதோடு முடிந்தது. ‘இலேசான தோட்டா மட்டும் சுட்டுக்கொள்கிறேன்’ என்பவரிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

மச்சானுக்கு அதிர்ஷ்டம், பேரல் மட்டும்தான். தயாரித்த கம்பெனிக்கே அனுப்பச் சொன்னேன், கூடவே அந்த இரண்டு காலி உறைகளையும், நிரப்பிய மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி. ‘கடைத் தோட்டாதான் சுட்டேன்’ என்று பொய் சொல்லாதே என்றும் சொன்னேன். பழுதுபார்ப்பவருக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியாமல் போய்விடும்.

இங்கே நடந்திருந்தால்? தோட்டாவை இறக்கி, பெட்டியில் பூட்டி, கிளப் அதிகாரியிடம் எழுத்தில் சொல்லிவிட்டு, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரி வழியாகப் போக வேண்டும். தொடர் எண் ஃபிரேமில் இருக்கிறது, லைசென்ஸும் அந்தத் துப்பாக்கிக்குத்தான். ஃபிரேமே போய்விட்டால் பழையதைப் பற்றிப் போலீஸில் தெரிவித்துக் கணக்கு முடித்துவிட்டு, புதியதற்கு மனு எழுத உட்கார வேண்டியதுதான்.