‘ஒன்றுமில்லை’ என்று எழுதாதீர்கள்

போன பிப்ரவரியில் இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையோரக் கிராமம் ஒன்றுக்கு, பழைய கோட்டை மேடுகளைப் பார்த்து வரைபடம் போடும் வேலைக்குப் புதியவர்கள் நான்கு பேரைக் கூட்டிப் போனேன். பழைய மரக்கோட்டையின் மண்மேட்டில் ஏறினார்கள், படம் எடுத்தார்கள், "பார்த்தாச்சு" என்று இறங்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இறங்கினேன். நிலத்துக்காரரிடம் கேட்காமல் வேலி தாண்டாதே, உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் மற்ற தவறுகள் இவை.

கல்லைத் தேடுவது

மரக்கோட்டை. கல் இருக்காது.

உச்சிவெயிலில் போவது

நிழல் விழாவிட்டால் மண்கரையும் தெரியாது, அகழியும் தெரியாது. குளிர்கால மாலையில், புல் குட்டையாக இருக்கும்போது போங்கள்.

மேட்டோடு நின்றுவிடுவது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் மண்ணைக் குவித்து உச்சியில் மரக் கோபுரம் எழுப்பினார்கள். அந்த மேடு ‘மொட்’. அடிவாரத்தில் கரையும் அகழியும் சூழ்ந்த முற்றம் ‘பெய்லி’. (அகழியைக் குறிக்கும் ‘மோட்’ என்ற ஆங்கிலச் சொல்லே மேட்டின் பெயரிலிருந்து வந்ததுதான். நம் ‘மேடு’ காதுக்கு நெருக்கம், உறவு ஏதுமில்லை.) சமையல், குதிரை, தானியம், காவலர் படுக்கை என்று அன்றாடப் பிழைப்பு பெரும்பாலும் முற்றத்தில்தான்.

நான் முதன்முதலில் வரைபடம் போட்ட இடத்தில் மேட்டுக்கு மூன்று நாள் செலவழித்தேன். முற்றத்துக்கு அரை மணி நேரம். சமதளமாக இருந்தது, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டேன். நிலத்துக்காரர் ஒரு நகல் கேட்டார், கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்க, என் படத்தைப் பார்த்தே அந்த ‘ஒன்றுமில்லாத’ வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், பாவம். நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளம் வெட்டி முடிந்திருந்தது. பள்ளத்துச் சுவரில் விரல் தடிமனுக்குக் கரிக்கோடு, அதன்மேல் நெருக்கிப் பாவிய கூழாங்கல், பக்கத்தில் வெந்து சிவந்த களிமண். யாரோ அடுப்பு மூட்டிய தரை. நாற்பது மீட்டர் நீளத்துக்குப் போய்விட்டது.

சமதளம் ஏன் ஏமாற்றுகிறது என்பதை வேல்ஸின் மான்ட்கோமரி அருகேயுள்ள ஹென் டோமன் என்ற மரக்கோட்டை இடம் நன்றாகக் காட்டுகிறது. வேல்ஸ் மொழியில் ‘பழைய மேடு’ என்று பொருள். செவர்ன் ஆற்றின் துறையைக் காக்க நார்மானியப் பிரபு ரோஜர் டி மான்ட்கோமரி 1070களில் கட்டியது. 1960 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக தொல்லியலாளர் பிலிப் பார்க்கர் குழுவினர் அங்கே முற்றத்தின் ஒரு பகுதியை மட்டும், குறுகிய குழிகளாக அல்லாமல் அகலத் திறந்து, தூரிகையும் கொத்துக்கரண்டியுமாகச் சுரண்டினார்கள். கட்டடங்கள் அடுத்தடுத்து நெருக்கமாக நின்றிருந்தன. ஒன்று போனபின் அதே இடத்தில் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஆழமான தூண்குழி கிடையாது. சிலவற்றின் அடிமரம் தரைமேலேயே கிடந்திருக்கிறது. மரம் மக்கினால் எஞ்சுவது கூழாங்கற்களின் ஓரவரிசையோ மண்ணின் நிறமாற்றமோதான். அதையெல்லாம் புல்லுக்கு மேலிருந்து எப்படிப் பார்ப்பது? கோட்டைக்கும் அடியில் அதற்கு முந்தைய வயலின் உழவு வரப்புகள்கூடக் கிடைத்தன.

இப்போது என் படங்களில் ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பதில் ‘மேற்பரப்பில் தெரியவில்லை’ என்று எழுதுகிறேன்.

இன்றைய அகழிதான் அன்றைய அகழி என்று நம்புவது

பாதி தூர்ந்திருக்கும். மேடும் கரைந்திருக்கும். அளவை எழுதுங்கள், ‘இன்று’ என்று சேர்த்து எழுதுங்கள்.

எல்லா மேட்டையும் கோட்டையாக்குவது

சில, வரலாற்றுக்கு முந்தைய புதைமேடுகள். சில, காற்றாலைக்குப் போட்ட மேடுகள். நான் ஒன்றுக்கு இரண்டு வாரம் கோட்டை என்று பெயர் வைத்திருந்தேன். அந்தக் கதை வேண்டாம்.