டேட்டாபேஸ் டிரைவர் வெளியிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலையும் டேட்டாபேஸையும் பேசவைக்கும் இடைநிரல்தான் டிரைவர். அதை எழுத வரும் பிள்ளைகள் கோடில் செய்யும் பிழைகள் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. கனெக்‌ஷனை மூட மறந்திருப்பார்கள், நேர மண்டலத்தைத் தப்பாகப் படித்திருப்பார்கள். யாராவது பார்த்துச் சொல்வார், அடுத்த ரிலீஸில் சரியாகிவிடும். பெயர் வைப்பதிலும் வெளியிடுவதிலும் நேரும் தப்பு அப்படி அல்ல. அது நம் ரெப்போவை விட்டு வெளியேறி, நமக்கு முகம் தெரியாத யாருடைய செர்வரிலோ போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து அதைத் திரும்ப எடுக்க நம்மிடம் வழி கிடையாது.

நாகர்கோவிலில் எங்கள் கட்டற்ற மென்பொருள் கூட்டத்தில் கொஞ்ச நாளாக ஒரு டிரைவர் வேலை நடக்கிறது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் இதே கூட்டத்தில் முன்பு நடந்த தப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. அதனால் இதை எழுதி வைக்கிறேன். ரீட்மீ எழுது, லைசென்ஸ் வை, பாஸ்வேர்டை கிட்டில் ஏற்றாதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர் ஒன்றுதான் என்று நினைப்பது

ஒரு டிரைவருக்குக் குறைந்தது நான்கு பெயர்கள் உண்டு. ரெப்போவின் பெயர், இன்ஸ்டால் செய்யும் பேக்கேஜின் பெயர், கோடில் இம்போர்ட் செய்யும் பெயர், கான்ஃபிக் ஃபைலிலோ கனெக்‌ஷன் முகவரியிலோ எழுதும் பெயர். புதியவர்கள் முதல் பெயருக்காக நாள்கணக்கில் விவாதிப்பார்கள், லோகோகூட வரைந்துவிடுவார்கள். நான்காவது பெயரை யாராவது ஒருவர் இரவு தூக்கக் கலக்கத்தில் தட்டி வைத்திருப்பார். ஆயுள் அதிகம் உள்ளது அந்த நான்காவது பெயருக்குத்தான்.

பைத்தானில் மைஎஸ்கியூஎல்கிளையன்ட் என்று இன்ஸ்டால் செய்து, மைஎஸ்கியூஎல்டிபி என்று இம்போர்ட் செய்கிறோம். அதற்கு நியாயம் இருக்கிறது. பைத்தான் 3-க்கு வராமலே நின்றுபோன மைஎஸ்கியூஎல்-பைத்தானிலிருந்து பிரிந்த கிளை அது. பழைய கோடு மாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக இம்போர்ட் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். உங்கள் புது டிரைவருக்கு அப்படி எந்த முன்கதையும் இல்லை. நான்கு பெயர்களும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இதற்கு ஒரே வழி, ஹைஃபன் இல்லாத, சின்ன எழுத்திலான, ஒற்றைச் சொல். பைத்தானில் ஹைஃபன் வைத்து இம்போர்ட் செய்ய முடியாது. பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றிவைக்கும் பொதுத் தளமான பைபிஐயிலோ ஹைஃபன், அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றாகவே கணக்கு. ஒருவர் அடிக்கோட்டுடன் எடுத்துவிட்ட பெயரை நீங்கள் ஹைஃபன் போட்டு வாங்க முடியாது.

டேட்டாபேஸின் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது

கோ மொழியில் ஒவ்வொரு டிரைவரும் நிரல் தொடங்கும்போதே தன் பெயரை, அதாவது மேலே சொன்ன நான்காவது பெயரை, பதிவு செய்கிறது. ஒரே பெயரை இரண்டு டிரைவர்கள் பதிவு செய்தால் நிரல் அங்கேயே பேனிக் ஆகி விழுந்துவிடும். “இந்த டேட்டாபேஸுக்கு வேற யாருண்ணே டிரைவர் எழுதப் போறா?” என்று கேட்கிறார்கள். எழுதுவார்கள். போஸ்ட்கிரஸுக்கு முன்பே வந்த பிக்யூ, ‘போஸ்ட்கிரஸ்’ என்றே பதிவு செய்தது. பின்னால் வந்த பிஜிஎக்ஸ் தன் சொந்தப் பெயரில் பதிவு செய்துகொண்டது. அதனால்தான் இரண்டையும் ஒரே நிரலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேகத்தை ஒப்பிட முடிகிறது, பழையதிலிருந்து புதியதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற முடிகிறது.

வணிகக்குறி விஷயமும் உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற பெயர் ஆரக்கிளுடையது. டேட்டாபேஸை உருவாக்கியவர்களே வெளியிட்டது போலத் தோன்றும் பெயர் வேண்டாம். எதற்கான டிரைவர் என்பதை விளக்க வரியில் எழுதினால் தேடுகிறவருக்குக் கிடைத்துவிடும்.

பெயரில் ‘நியூ’, ‘ஃபாஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’

வைக்காதீர்கள். அடுத்த வருடம் அது பழசு.

வெளியான பெயரைச் ‘சுத்தம்’ செய்வது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

போன மாதம் ஒரு பையன் அனுப்பிய மாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் பதிவு செய்யும் பெயரில் இருந்த அடிக்கோட்டை எடுத்துவிட்டிருந்தான். ரிலீஸ் எண்ணில், சிறு திருத்தத்தைக் குறிக்கும் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருந்தது. குறிப்பு வரியில் ‘சிறு சுத்தம்’ என்று இருந்தது.

“இதெ எதுக்கு மக்கா மாத்துன?”

“பாக்க நல்லால்லண்ணே. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆவுது.”

டெஸ்ட் பாஸ் ஆகத்தான் செய்யும். பெயரை மாற்றிய அதே கமிட்டில் டெஸ்டுகளில் இருந்த பழைய பெயரையும் அவன் மாற்றிவிட்டான். எடிட்டரில் ஒரே தட்டில் எல்லா இடத்திலும் மாறிவிடும். மாறாத இடம் ஒன்று உண்டு, அது மற்றவர்களின் கான்ஃபிக் ஃபைல். அது நம் எடிட்டருக்கு எட்டாது.

இதன் விலை என்ன என்று சில வருடங்களுக்கு முன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில்தான் முப்பந்தல் காற்றாலைகளுக்கு அறுவடை. அந்தப் பக்கம் காற்றாலைக் கணக்கு பார்க்கும் ஓர் அலுவலகத்தில் என் நண்பர் வேலை செய்தார். ஒவ்வொரு ஆலையிலிருந்தும் பத்து நிமிடச் சராசரிகள் வந்து டேட்டாபேஸில் சேரும். எழுதும் நிரல் கோ மொழியில் இருந்தது. அதற்கான டிரைவரைப் பராமரித்த குழு, இதே போன்ற ஒரு சின்ன ரிலீஸில் பதிவுப் பெயரை மாற்றியது. ஆடிக் காற்று உச்சத்தில் இருந்த சமயம், வழக்கமான அப்டேட்டோடு அந்த ரிலீஸும் உள்ளே போய்விட்டது. கம்பைல் ஆனது. பெயர் வெறும் சரம்தானே, கம்பைலர் அதை எப்படிப் பிடிக்கும்? நிரல் தொடங்கியதும் விழுந்தது. செர்வர் அதைத் திரும்பத் தொடக்கியது, திரும்ப விழுந்தது. திரையில் பழைய எண்கள் அப்படியே நின்றன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தெரியவந்தபோது லாகில் இருந்த செய்தி அவர்களை இன்னும் சுற்றவிட்டது. தெரியாத டிரைவர், இம்போர்ட் செய்ய மறந்துவிட்டாயா என்று கோ கேட்கும். இம்போர்ட் அங்கேதான் இருக்கிறது! நண்பர் இம்போர்ட்டையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தார். பெயர் மாறியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஆலைகளின் பக்கத்தில் உள்ள லாகர்கள் ஓரளவு பழைய அளவீடுகளைத்தான் வைத்திருக்கும், மீதி போனது போனதுதான். மாத அறிக்கையில் இருந்த ஓட்டைக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது நண்பருக்கு. பெயரை மாற்றியவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது. மாற்றியவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர். இன்றும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய திட்டங்களிலும் இது நடந்திருக்கிறது. பைத்தானின் டேட்டாபேஸ் நூலகமான எஸ்கியூஎல்அல்கெமியில் ‘போஸ்ட்கிரஸ்’ என்று தொடங்கும் முகவரியும் ‘போஸ்ட்கிரஸ்கியூஎல்’ என்று தொடங்கும் முகவரியும் நீண்ட காலம் இரண்டுமே செல்லுபடியாயின. முதலாவது வழக்கொழிந்தது என்று முன்பே அறிவித்து, 2021 மார்ச்சில் வந்த 1.4-ல் நீக்கினார்கள். செயலிகளை ஓடவைக்கும் ஹெரோக்கு போன்ற தளங்கள் அப்போதும் பழைய வடிவத்தில்தான் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தன. எத்தனையோ பேருடைய செயலிகள் தொடங்க மறுத்தன. முகவரியின் முன்பகுதியை வெட்டி ஒட்டும் அந்த ஒரு வரி இன்றும் பல ரெப்போக்களில் கிடக்கிறது. அறிவித்துவிட்டுச் செய்ததற்கே இந்த நிலை.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லின் ஜாவா டிரைவர் 8.0-ல் தன் கிளாஸ் பெயரை மாற்றியது. ஆனால் பழைய பெயரில் அழைத்தாலும் வேலை செய்யும், புதுப் பெயர் இன்னது என்று ஒரு வரி எச்சரிக்கை மட்டும் வரும். 2022-ல் ஜாவா பேக்கேஜ்களைத் தேடி எடுக்கும் மேவனில் தன் பெயரை மாற்றியபோதும் பழைய இடத்தில் புதிய இடத்துக்கான வழிகாட்டிப் பதிவை வைத்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆளை வீட்டுப்பெயரால்தான் சொல்வோம். புது வீடு கட்டி வேறு பெயர் எழுதினாலும் ரேஷன் கடையிலும் சொசைட்டியிலும் பழைய வீட்டுப்பெயர்தான் ஓடும், இரண்டில் எதைச் சொன்னாலும் தபால் வந்து சேரும். டிரைவரிலும் அதையே செய்யுங்கள். புதுப் பெயரையும் பழைய பெயரையும் ஒரே டிரைவருக்குப் பதிவு செய்யுங்கள். பழைய பெயரில் திறந்தால் முதல் முறை மட்டும் ஓர் எச்சரிக்கை காட்டுங்கள். ஒவ்வொரு குவெரிக்கும் காட்டினால் லாக் நிரம்பும், ஆள்கள் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார்கள். பெரிய மாற்றத்தைக் குறிக்கும் முதல் இலக்கம் மாறும் ரிலீஸ் வரும்வரை பழைய பெயரைத் தொடாதீர்கள். பழைய பெயரை மட்டும் வைத்து ஒரு டெஸ்ட் எழுதி, மேலே ‘இந்தச் சரத்தை மாற்றக் கூடாது’ என்று குறிப்பு வையுங்கள். அந்தப் பையனிடம் அதைத்தான் எழுதச் சொன்னேன், எழுதினான்.

சில சமயம் பெயர் அப்படியே இருந்து நடத்தை மாற வேண்டியிருக்கும். அப்போது புதுப் பெயர் கொடுப்பதுதான் சரி. மோங்கோடிபி என்ற டேட்டாபேஸின் பழைய டிரைவர்கள், தரவு சேர்ந்ததா என்று செர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமலே எழுதிவிட்டுப் போகும். 2012 நவம்பரில் இதை மாற்ற முடிவு செய்தபோது, பழைய கிளாஸின் இயல்பை அவர்கள் திருத்தவில்லை. மோங்கோகிளையன்ட் என்ற புது கிளாஸைக் கொண்டுவந்து, பதிலுக்குக் காத்திருப்பதை அதில் இயல்பாக்கினார்கள். பழைய கோடு பழைய மாதிரி ஓடியது, மாற நினைத்தவர் தெரிந்தே மாறினார்.

டேக்கை நகர்த்துவது

ரிலீஸ் டேக் (ஒரு கமிட்டுக்கு ஒட்டும் பதிப்பு எண்) போட்ட பின் ஒரு ஃபைல் விட்டுப்போனது தெரியும். ‘யாரும் இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள்’ என்று டேக்கை அழித்துப் புது கமிட்டில் அதே எண்ணைப் போடுவார்கள். கோ மொழியில், பேக்கேஜ்களைச் சேமித்துத் தரும் ப்ராக்ஸி ஏற்கெனவே ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கும், கோடு மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் பட்டியலிலும் ஏறியிருக்கும். அடுத்து நேரடியாக எடுப்பவருக்குச் செக்சம் பொருந்தவில்லை, பாதுகாப்புப் பிழை என்று வரும். யாரோ கோடில் விஷமம் செய்துவிட்டார்கள் என்று அவர் பயப்படுவார், அது நியாயமான பயம். பைபிஐயில் அழித்த ஃபைலின் பெயரை மீண்டும் ஏற்ற முடியாது. ஜாவாவின் பொதுத் தளமான மேவன் சென்ட்ரலில் ஏறியதை நாமாக நீக்கவே முடியாது. அடுத்த எண்ணைப் போடுங்கள், எண்களுக்குப் பஞ்சமில்லை. கெட்ட ரிலீஸை கோ மொழியில் ரிட்ராக்ட் என்றும் பைபிஐயில் யாங்க் என்றும் குறித்துவிடலாம்.

அவசரப்பட்டு 2 போடுவது

கோவின் எஸ்கியூலைட்3 டிரைவர், சரியான பதிப்பு 1.14-ம் அதற்கு மேலும்தான், 2 அல்ல என்று தன் ரீட்மீயில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை விழுந்த 2.0 டேக்குகளின் மிச்சம் அது.

சி மொழி நூலகத்தை உள்ளே வைத்துக் கட்டுவது

பைத்தானின் போஸ்ட்கிரஸ் டிரைவரான சைகோபிஜி2-வின் வீல் பேக்கேஜ்களுக்குள் (முன்பே கட்டித் தயாராக வருபவை) போஸ்ட்கிரஸ் நூலகமும், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல்லும் சேர்ந்தே வந்தன. இன்ஸ்டால் செய்ய எளிது. ஆனால் பைத்தான் தானே ஏற்றும் எஸ்எஸ்எல்லோடு அது மோதி, பல திரெட்கள் ஓடும் நிரல்களில் செக்மென்ட் ஃபால்ட் வந்து நிரல் விழும் ஆபத்து இருந்தது. 2018-ல் ‘பைனரி’ என்று பின்னொட்டு வைத்துத் தனிப் பேக்கேஜாகப் பிரித்தார்கள். 2019-ல் வந்த 2.8 முதல் லினக்ஸில் வெறும் சைகோபிஜி2 என்று இன்ஸ்டால் செய்தால் சோர்ஸிலிருந்துதான் கட்டும். நீங்கள் முதல் ரிலீஸிலேயே இரண்டு பெயர்களாகப் பிரித்துவிடுங்கள்.

கல்லூரி மின்னஞ்சலில் கணக்கு

படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்த முகவரியை மூடிவிடும். அதற்குள் பையன் பெங்களூருக்கோ துபாய்க்கோ போயிருப்பான். பைபிஐ இப்போது இரட்டைச் சரிபார்ப்பு இல்லாமல் எதையும் ஏற்ற விடுவதில்லை. பழைய ஃபோனும் பழைய முகவரியும் இல்லை என்றால் டிரைவரின் பெயர் பூட்டிய வீடாகிவிடும். சொந்த முகவரியில் கணக்கைத் தொடங்குங்கள். உரிமையாளராக இன்னொருவரையும் சேர்த்துவிட்டு முதல் ரிலீஸைப் போடுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.