கண்ணாடியின் உட்புறம் படிந்த ஈரம்

ஜனவரி விடியற்காலைகளில் நுவரெலியாவிலிருந்து இறங்கும்போதெல்லாம் என் காரின் தடம் காக்கும் வசதி (கெமராவால் வீதிக்கோடுகளைப் பார்த்து, காரைத் தடத்துக்குள் வைத்திருக்க உதவுவது) தானாகவே அணைந்துவிடும். கெமராதான் பழுது என்று பயந்துபோனேன். தம்பி டோர்ச் அடித்துக் காட்டினான்: முன்கண்ணாடியின் மேற்பகுதியில், கெமரா பார்க்கும் உள்ளங்கையளவு இடத்தில், உட்புறமாக முத்துமுத்தாக நீர். 1,868 மீற்றர் உயரக் குளிரில் கண்ணாடி சில்லிட்டிருக்கும். எங்கள் மூச்சின் ஈரமும் நனைந்த மிதியடியின் ஈரமும் அதில்தான் படியும். வைப்பர் வெளியேதானே துடைக்கும்!

மிதியடிகளை எடுத்து அடுப்படியில் காயவைத்தேன். இப்போது புறப்படுமுன் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்றைத் திறந்து, ஐந்து நிமிடம் முன்கண்ணாடிக்கு ஊதவிடுகிறேன். அன்றிலிருந்து தடம் காக்கும் வசதி தானாக அணையவில்லை. ஆனால் இறம்பொடை வளைவுகளில் மூடுபனி வெள்ளைக்கோட்டையே விழுங்கிவிடும்போது, நானே அதை அணைத்துவிடுகிறேன்.