மூடுபனிக்குள் கடுகு வயல்: வாட்டர்கலரில் ஒரு டெல்லிக் குளிர்காலம்

ஜனவரியில் டெல்லி ஓரத்து நஜஃப்கர் தாண்டி, ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கம் போனால் சாலையோரம் கடுகு பூத்துக் கிடக்கும். நம் ஊர் மார்கழிப் பனி கோலம் போட்டு முடிப்பதற்குள் கலைந்துவிடும். இங்கே சில நாள் மதியம்வரை நகராது. அதை வரையப்போய் நான்கு தாளைக் கிழித்தேன். ஐந்தாவது தேறியது.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வேண்டும். இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய தாள் அப்பளமாக நெளியும். வண்ணம் மாணவர் ரகமே போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, மஞ்சள். கறுப்பு வேண்டவே வேண்டாம். நீலமும் சியன்னாவும் கலந்து வரும் சாம்பல்தான் பனிக்குப் பொருந்தும்.

வானத்தில் மட்டும் தண்ணீர் பூசி, வெளிறிய சாம்பலை மேலிருந்து இறக்குங்கள். அடிவானத்தை நெருங்கும்போது வெறும் தண்ணீரால் கரைத்துவிடுங்கள்.

அடுத்ததுதான் என்னைப் படுத்தியது: தூரத்து யூகலிப்டஸ் வரிசை. தாளில் தண்ணீர் நிற்கும்போது வைத்தால் மரம் மேகமாகிவிடும். காய்ந்தபின் வைத்தால் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கும். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போய், புறங்கையில் தொட்டால் ஜில்லென்று மட்டும் இருக்கிறதா? அப்போது வையுங்கள். வண்ணம் கெட்டியாக இருக்கட்டும். பிரஷ்ஷில் தண்ணீர் கூடினால், ஓரம் சுருண்ட திட்டாகக் காலிஃபிளவர் பூத்துவிடும்.

சரி, கடுகு. அவசரப்பட்டு ஈர நீலத்தின்மேல் மஞ்சளை வைத்தேன். பூத்த வயல் புல்தரை ஆகிவிட்டது. வயலை வெள்ளையாகவே விட்டு, வானம் முழுக்கக் காய்ந்தபின் மஞ்சள் இடுங்கள். தூரத்தில் நீர்த்து, காலடியில் அடர்த்தியாக.

கடைசியாக ஒரு பிட்டோடா வையுங்கள். வறட்டியைக் கூம்பாக அடுக்கி வேய்ந்திருப்பார்களே, அதுதான். பார்த்தால் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோற்போர் மாதிரியே இருக்கும். அவர் 1890-91இல் தன் வீட்டருகே இருந்த போர்களையே திரும்பத் திரும்ப, சுமார் 25 படங்களாக வரைந்தார். வெண்பனி விழுந்த படங்களில் நிழல் கறுப்பில்லை, நீலம். அதைப் பார்த்துத்தான் என் பிட்டோடாவின் ஓரத்தையும் நீலத்தில் கரைத்தேன்.

பிற்சேர்க்கை: மயூர் விஹாரிலிருந்து ஒருவர், தாள் காயவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். டெல்லிக் குளிரில் அப்படித்தான். ஹேர் டிரையர் பிடிக்கலாம், ஆனால் பளபளப்பு போனபிறகு. முன்பே ஊதினால் வண்ணம் ஓடித் திட்டாகும். ரூம் ஹீட்டர் பக்கம் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள். என் மூன்றாவது தாள் போனது அங்கேதான்.