கிணற்றடியில் மருந்து மெசின் கழுவுவதை நிறுத்திய கதை

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களை ஒட்டித்தான் எங்கள் வளவு. பெரும்போக நெற்செய்கையில் களைநாசினி அடித்த கையோடு மழை பெய்தால், வயல் வெள்ளம் வேலியைத் தாண்டி வந்து கிணற்றுக்கட்டைத் தொடும். கொதிக்க வைத்துக் குடித்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். கொதித்தால் கிருமிதான் சாகும். மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்றச் செறியவும் கூடும். ஆகவே வரும் வழியை மறிப்பதுதான் வேலை.

முதலில் மருந்தடிக்கும் மெசின் கழுவும் இடம். பக்கத்து வயல்கார அண்ணை எங்கள் கிணற்றடியில்தான் கழுவுவார். "அண்ணை, வயலுக்கே தண்ணி கொண்டுவந்து தாறன், அங்கேயே கழுவுங்கோ" என்றேன். வெறும் மருந்துப் போத்தலையும் மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரை மெசினுக்குள்ளேயே ஊற்றி அடித்தால் மருந்து வீணாகாது என்றும் சொன்னேன். (அவர் சம்மதித்தது இதைக் கேட்டபிறகுதான்!)

பிறகு கிணற்றுக்கட்டை உயர்த்தி, வெடிப்புகளுக்குச் சீமெந்து பூசி, சுற்றிவர மண் அணை போட்டு வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பினேன். வயலோரப் புல்லை வெட்டாமல் விட்டேன். மண்ணோடு ஒட்டி வரும் மருந்தில் ஒரு பங்கை அது மறிக்கும். நிலத்தடியால் கசிவதை இவை நிறுத்தா. அதனால் மருந்தடிக்கும் காலத்தில் குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீர் எடுக்கிறோம்.