லேடிஸ்மித்தில் வீடு பார்க்கும் முன்

வேலை கிடைத்துத் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித்துக்கு வருகிறவர்கள், வீடு தேடும் முன் ஒரு மாலை டாக்சி நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். மாவு மூட்டை சுமந்த பெண்களும் சீருடை கழற்றாத காவலாளிகளும் வேனுக்காக வரிசையில் நிற்பார்கள். அவர்களில் பலர் போவது சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எசகேனிக்கு. 1970களில் கறுப்பின மக்களைச் சொந்த நிலத்திலிருந்து பெயர்த்து அரசு கொண்டுபோய் இறக்கிய இடம் அது.

இன்னாருக்கு இன்ன தெரு என்று ஊரைக் கூறு போட்டது 1950இன் குழுப் பகுதிகள் சட்டம். 1991 ஜூன் 30இல் அது ஒழிந்தது. கையில் காசிருந்த இந்தியக் குடும்பங்களும், பிறகு அரசு வேலைக்கு வந்த கறுப்பினத்தவரும் வெள்ளையர் தெருக்களில் வீடு வாங்கினார்கள். கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த டவுன்ஷிப் குடியிருப்புகளைத் தேடி எதிர்த்திசையில் வந்தவர்கள் மிகக் குறைவு. சட்டம் திறந்துவிட்ட கதவை விலை பாதி மூடியே வைத்திருக்கிறது.

நான் வந்தபோது தரகர் ஒருவர், என் பெயரைக் கேட்டதுமே காரை இந்தியர் பகுதிக்கு ஓட்டினார். "உங்களுக்கு இங்கேதான் சரிப்படும்" என்றார். கோயில் பக்கம், மளிகைக் கடை பக்கம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வேறெதுவும் எனக்குக் காட்டப்படவில்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அங்கே குடியிருப்பதில் தவறே இல்லை. தேர்வு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கையிலுள்ள எல்லா வீடுகளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இனத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு மறுப்பதை 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம் தடை செய்கிறது. முன்பணத்தை வீட்டுக்காரர் வட்டி தரும் கணக்கில் வைக்க வேண்டும். குடி போகும்போதும் காலி செய்யும்போதும் அவரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். சுவரில் விரிசல் இருந்தால் அன்றே படம் எடுத்து வையுங்கள்.

வாங்குகிறவர்கள் பழைய பத்திரத்தையும் படியுங்கள். ஆசியருக்கு விற்கக் கூடாது என்ற வரி லேடிஸ்மித் இருக்கும் நேட்டால் மாகாணத்தின் பழைய பத்திரங்கள் சிலவற்றில் உண்டு. இன்று அதற்கு மதிப்பில்லை. ஆனாலும் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும்.

கிளிப் ஆறு பொல்லாதது. 2023 கிறிஸ்துமஸ் சமயத்திலும் ஊருக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று தரகரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் "சௌபோனா, கோகோ" என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கோகோ என்றால் ஜூலுவில் பாட்டி. சுவரில் எந்த உயரம் என்று கையை வைத்தே காட்டுவார்.